விற்பனை மேல் விழும் வரியும் சோதனைக்கூடச் செலவும்

கேரளப் பக்கத்துப் பாறசாலையைச் சேர்ந்த, உயிர்மருத்துவப் பொறியியல் படித்து முடித்த ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார்: "அண்ணா, அமெரிக்காவில் மருத்துவக் கருவி செய்யும் நிறுவனங்கள் மீது தனி வரி போட்டார்கள் என்றும், அதனால் வேலைவாய்ப்பு குறைகிறது, புதிய கருவிகள் வருவது நிற்கிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள் என்றும் படித்தேன். அந்த எதிர்ப்பில் உண்மை இருந்ததா? நம் நாட்டிலும் அப்படி ஏதாவது உண்டா? நானும் என் மாமா மகனும் குழித்துறையில் சிறிய அளவில் ஒரு தொழிற்கூடம் தொடங்க நினைக்கிறோம்."

களியக்காவிளையில் இருந்துகொண்டு, தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமும் உள்ள சிறு தொழில்களுக்கு 22 ஆண்டுகளாக வரிக்கணக்கு பார்த்து வருகிறேன். கையுறை, எலும்பு முறிவுக்குக் கட்டும் பட்டை, சிறுநீர்ப் பை, கட்டுத்துணி என்று மருத்துவமனைக்குப் போகும் பொருள்களைச் செய்கிறவர்கள் அவர்களில் சிலர். அவர்களுடைய கணக்குகளைப் பார்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரி விகிதம் எவ்வளவு என்பதைவிட, அது விற்பனையின் மேல் விழுகிறதா லாபத்தின் மேல் விழுகிறதா, கட்டிய வரி திரும்பிக் கைக்கு வருகிறதா இடையிலேயே தங்கிவிடுகிறதா என்பதுதான் புதிதாக ஒன்றைச் செய்ய முனைகிறவரைத் தூக்கி நிறுத்துகிறது அல்லது படுக்க வைக்கிறது.

அமெரிக்க வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010-இல் ஒபாமா ஆட்சியில் நிறைவேறிய மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பணம் திரட்டும் வழிகளுள் ஒன்றாக இந்த வரி வந்தது. 2013 ஜனவரி 1 முதல், மருத்துவக் கருவியைச் செய்பவரும் இறக்குமதி செய்பவரும் தம் விற்பனைத் தொகையில் 2.3 விழுக்காட்டை அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், காதுக் கருவி போன்று மக்கள் கடையில் நேரே வாங்குபவற்றுக்கும், ஏற்றுமதிக்கும் விலக்கு இருந்தது. வரி நடைமுறைக்கு வந்த மூன்றாம் மாதமே, அதை நீக்க வேண்டும் என்று செனட் சபை 79-க்கு 20 என்ற வாக்குக் கணக்கில் கருத்துத் தெரிவித்தது. அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் வரியைக் கொண்டுவந்த கட்சியினரே, குறிப்பாகக் கருவித் தொழில் செழித்த மின்னசோட்டா, மாசசூசெட்ஸ் மாநிலங்களின் உறுப்பினர்களே, அதற்கு எதிராக நின்றார்கள். 2016-இன் தொடக்கத்திலிருந்து வரி நிறுத்திவைக்கப்பட்டு, 2019 டிசம்பரில் அடியோடு நீக்கப்பட்டது. ஆக, அது வசூலானது மூன்றே ஆண்டுகள்.

வேலையிழப்பு பற்றிய வாதத்தில் தொழில்துறை மிகைப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன். அவர்கள் தரப்பில் வெளியான மதிப்பீடு ஏறத்தாழ 43,000 பேர் வேலை இழப்பார்கள் என்றது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆய்வு செய்து தரும் அலுவலகம் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டபோது கிடைத்த எண்ணிக்கை 47 முதல் 1,200 வரை மட்டுமே. இவ்வளவு வேறுபாடு வருவதற்கான காரணம் நமக்கும் பயன்படும். இதய வால்வு விலை இரண்டு விழுக்காடு ஏறிவிட்டது என்பதற்காக அறுவைச் சிகிச்சையை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வாங்குவது குறையாத பொருளுக்கு வரி போட்டால் அதன் பெரும்பகுதி விலையில் ஏறி, மருத்துவமனையின் மேலும் காப்பீட்டு நிறுவனத்தின் மேலும் நோயாளியின் மேலும் போய் விழும். ஆலையில் உற்பத்தி அவ்வளவாகக் குறையாது. எனவே ஆலையில் இருக்கும் ஆள்களும் அவ்வளவாகக் குறைய மாட்டார்கள்.

ஆனால் புதுக் கருவி பற்றிய வாதம் அப்படித் தள்ளிவிடக் கூடியது அல்ல. நூறு ரூபாய் விற்பனையில் 25 ரூபாய் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனத்துக்கு 2.3 ரூபாய் என்பது லாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நூறு ரூபாய்க்கு 5 ரூபாய் மட்டும் மிஞ்சும் இளம் நிறுவனத்துக்கு அதே 2.3 ரூபாய் லாபத்தில் 46 விழுக்காடு. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் அதைக் கட்டியே ஆக வேண்டும். இந்த வரியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். லாபமே இல்லாதவருக்கு அந்தக் கழிவால் என்ன பயன்? புதிய கருவியைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர் முதல் சில ஆண்டுகள் விற்பனை செய்துகொண்டும் நட்டப்பட்டுக்கொண்டும்தான் இருப்பார். விலையை ஏற்றி வரியைத் தள்ளிவிடவும் அவரால் இயலாது, ஏனென்றால் மருத்துவமனை ஏற்கெனவே பழகிய பெரிய நிறுவனத்தின் பொருளோடு அவர் போட்டியிடுகிறார். அத்தகையவர் கையில் பணம் சுருங்கும்போது முதலில் வெட்டுவது ஆராய்ச்சிச் செலவைத்தான். அந்த வெட்டு எந்த வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்திலும் உடனே தெரியாது. ஐந்தாறு ஆண்டு கழித்து வந்திருக்க வேண்டிய ஒரு கருவி வராமல் போகும். வராத ஒன்றை யாரும் எண்ணிக் கணக்கெடுப்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கருவி செய்பவர் மேல் மட்டும் விழும் தனி விற்பனை வரி கிடையாது. எல்லாப் பொருளுக்கும் போல ஜிஎஸ்டிதான். கருவிகளில் பெரும்பாலானவை முன்பு 12 விழுக்காட்டிலும் சில 18 விழுக்காட்டிலும் இருந்தன. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், கருவி வாங்கும்போது கட்டும் வரியை மருத்துவமனை இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அது அப்படியே நோயாளியின் பில்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வகையில், 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இந்த விகிதங்களை 5 விழுக்காடாகக் குறைத்து, செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது நோயாளிகளுக்கு உண்மையான நன்மை. அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

செய்கிறவர் பக்கம் கணக்கு வேறு மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்கூடம் மார்த்தாண்டத்துக்கு அருகே சிறுநீர்ப் பை செய்கிறது. கணவன், மனைவி, 14 பணியாளர்கள். பணியாளர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துப் பெண்கள். பிவிசி ஷீட்டை வெட்டி, வெப்பத்தால் ஓரம் ஒட்டி, குழாய் பொருத்தி, ஒவ்வொரு பையிலும் காற்று நிரப்பித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். பையில் சேர்ந்த சிறுநீர் திரும்பக் குழாய்க்குள் ஏறினால் கிருமித்தொற்று வரும் என்பதால், அதைத் தடுக்கும் சிறிய வால்வு ஒன்றைத் தாமே வடிவமைக்க முனைந்தார்கள். உரிமையாளர் ஒரு நாள் ரிட்டர்ன் போட வந்தபோது தம் சட்டைப் பையிலிருந்து அந்த வால்வை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஓர் உளுந்துவடைத் துளை அளவுகூட இல்லை. அதற்கு அச்சு செய்யவும், உடலுக்குக் கேடில்லை என்று சோதனைக்கூடத்தில் சான்று பெறவும், தரச்சான்று ஆலோசகருக்குக் கொடுக்கவும் செய்த செலவின் பில்களையும் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தது. "இந்த வரி எல்லாம் எப்போ திரும்ப வரும் சார்?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

வாங்கும் பொருளுக்கு 18, விற்கும் பொருளுக்கு 5 என்று இருப்பதைத் தலைகீழ் வரி அமைப்பு என்கிறோம். விற்பனையில் வசூலாகும் வரியைவிட வாங்கும்போது கட்டிய வரி கூடுதலாக இருப்பதால், மிச்சம் லெட்ஜரில், அதாவது ஜிஎஸ்டியில் நம் பெயரில் உள்ள வரவுக் கணக்கில், தேங்கும். ஜிஎஸ்டி சட்டத்தின் 54(3) பிரிவு அந்தத் தேக்கத்துக்கு ரீஃபண்ட் தருகிறது. ஆனால் அந்த ரீஃபண்ட் மூலப்பொருளுக்குக் கட்டிய வரிக்கு மட்டுமே. சேவைக்குக் கட்டிய வரிக்கும், இயந்திரம், அச்சு போன்ற மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரிக்கும் கிடையாது. இதை எதிர்த்துக் கோழிக்கோட்டுச் செருப்பு நிறுவனமான விகேசி தொடுத்த வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகவும், அதே சட்டக் கேள்வியில் வேறொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தன. 2021 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. ரீஃபண்ட் கணக்கிடும் சூத்திரத்தில் குறை இருப்பதை அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியதால் 2022 ஜூலையில் சூத்திரம் திருத்தப்பட்டது. சேவை வரிக்கு ரீஃபண்ட் இல்லை என்ற அடிப்படை மாறவில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இரண்டு கூடங்கள், இரண்டும் நூறு ரூபாய்க்கு விற்று 5 ரூபாய் வரி வசூலிக்கின்றன, இரண்டுமே 65 ரூபாய்க்கு வெளியிலிருந்து வாங்கி, 18 விழுக்காட்டில் 11.70 ரூபாய் வரி கட்டுகின்றன. முதல் கூடம் பழைய பொருளையே செய்கிறது: மூலப்பொருள் 50, சேவை 15. இரண்டாவது கூடம் புதிய வடிவத்துக்குச் சோதனையும் சான்றும் தேடி அலைகிறது: மூலப்பொருள் 30, சேவை 35. இப்போதைய சூத்திரத்தின்படி முதல் கூடத்துக்கு ஏறத்தாழ 5.15 ரூபாய் ரீஃபண்ட் வந்து, 1.55 ரூபாய் லெட்ஜரில் தங்கும். இரண்டாவது கூடத்துக்கு வருவது 3.09, தங்குவது 3.61. வாங்கியதும் ஒன்று, விற்றதும் ஒன்று, கட்டிய வரியும் ஒன்று. ஆராய்ச்சிக்குச் செலவழித்தவரின் பணம் இரண்டு மடங்குக்கு மேல் முடங்குகிறது. நூறு ரூபாய் விற்பனைக்கு 3.61 ரூபாய் என்பது, அமெரிக்காவில் அவ்வளவு கூச்சல் எழுப்பிய 2.3 விழுக்காட்டைவிடக் கூடுதல். லெட்ஜரில் இருப்பது அழிந்துபோவதில்லை, பின்னொரு நாள் வரி கட்ட உதவும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். விற்பனை வரி 5 விழுக்காடாகவே இருக்கும் வரை, இரண்டாவது கூடத்துக்கு அந்த நாள் எளிதில் வராது.

பெரிய நிறுவனம் இதிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. அவர்களுக்குச் சொந்தச் சோதனைக்கூடமும் சம்பளத்துக்குப் பொறியாளர்களும் உண்டு. சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. வெளியில் கொடுத்துச் சோதிக்க வேண்டிய சிறியவர்தான் 18 விழுக்காட்டைச் சுமக்கிறார். ஏற்றுமதி செய்கிறவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஏற்றுமதிக்கான ரீஃபண்டில் சேவைக்குக் கட்டிய வரியும் சேர்கிறது. உள்நாட்டு மருத்துவமனையை நம்பித் தொடங்கும் புதியவருக்கு இரண்டு வாசலும் இல்லை.

அப்படியானால் வரியே வேண்டாம் என்று விலக்குக் கேட்கலாமா என்றால், அது இன்னும் பெரிய பள்ளம். விற்கும் பொருளுக்கு வரி விலக்கு என்றால் இன்புட் கிரெடிட் முழுவதும் போய்விடும். கட்டிய வரி அத்தனையும் செலவாகி விலையில் ஏறும். வெளிநாட்டிலிருந்து வரும் அதே பொருளோ, அந்நாட்டு வரியெல்லாம் கழிக்கப்பட்டு இங்கே ஜிஎஸ்டி இல்லாமல் இறங்கும். 2018 ஜூலையில் சானிட்டரி நாப்கினுக்கு வரி நீக்கப்பட்டபோது உள்நாட்டு உற்பத்தியாளர்கள் கவலைப்பட்டது இதனால்தான். கருவித் தேவையில் பெரும்பகுதிக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது நாள் கணக்கு. பில் போட்ட மறுமாதமே ஜிஎஸ்டியைக் கட்டிவிட வேண்டும். மருத்துவமனை பணம் தருவது நான்கு மாதமோ ஆறு மாதமோ கழித்து. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தராதவர், தந்த பிறகுதான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்று ஒரு விதி இப்போது இருக்கிறது. அது தனியார் நிறுவனங்களிடம் ஓரளவு வேலை செய்கிறது. வருமான வரியே கட்டாத அரசு மருத்துவமனையை அது அசைக்காது. வாராத பணத்துக்கு வரி கட்ட ஓவர்டிராஃப்ட் எடுத்து வட்டி கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லையில் இருக்கும் நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. 2017 ஜூலைக்கு முன் களியக்காவிளையிலிருந்து கேரளத்துக்குக் கருவி விற்றால், வாங்குபவரிடமிருந்து சலுகை விகிதத்துக்கான சி படிவம் வாங்கி, 2 விழுக்காடு மத்திய விற்பனை வரி கட்டி, அமரவிளைச் சோதனைச்சாவடியில் லாரி வரிசையில் நிற்க வேண்டும். அந்த 2 விழுக்காட்டுக்குக் கேரளத்தில் கிரெடிட் கிடையாது. அமெரிக்க வரியைப் போன்ற ஒரு சுமையைப் பக்கத்து ஊருக்கு விற்பதற்காகவே நாம் சுமந்துகொண்டிருந்தோம். ஜிஎஸ்டி வந்து அதைத் துடைத்தது; சாவடி வரிசையும் போயிற்று. ஆனால் சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்கிறவர், சிறு தொழிலுக்கான எளிய வரி முறையான கம்போசிஷன் திட்டத்தில் இருக்க முடியாது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். பாறசாலை சர்ஜிக்கல் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளையே நம்பும் நம் பக்கத்துச் சிறு கூடங்களுக்கு இது தொடக்கத்திலேயே ஒரு தடை.

இவ்வளவு சொன்னதால் நான் வரிக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். நம் பகுதியில் உருவான மிகப் பெரிய மருத்துவக் கருவி வரிப்பணத்தில் பிறந்ததுதான். திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த பூஜப்புரை சாட்டல்மண்டு அரண்மனையில் இயங்கும் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில், மருத்துவர் வலியத்தான் தலைமையில் இதய வால்வு ஒன்றைப் பல ஆண்டுகள் முயன்று செய்தார்கள். முதல் மூன்று வடிவங்களும் கைவிடப்பட்டன. நான்காவது வடிவம் 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூன்று தோல்வியைத் தாங்கும் பை எந்தச் சிறு முதலாளியிடமும் இருந்திருக்காது; மக்களின் வரிதான் தாங்கியது. அந்த வால்வைப் பின்னர் டிடிகே நிறுவனம் விற்பனைக்குச் செய்தது. ஸ்ரீசித்திராவின் தொழில்நுட்பத்தில் 1980-களில் தொடங்கிய இரத்தப் பைத் தொழிற்சாலை, பின்னர் ஜப்பானிய டெருமோ நிறுவனத்தோடு சேர்ந்து, புளியறைக்கோணத்தில் இயங்குகிறது. ஒரு கருவி வெற்றி பெற்றால் வேலை எப்படிப் பெருகும் என்பதற்கு அந்த ஆலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரம் நின்று பார்த்தாலே போதும்.

எனவே வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை என் கருத்து இது. ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டித் தறிகளில் கட்டுத்துணி நெய்பவரின் வேலை, வரி இரண்டு புள்ளி ஏறி இறங்குவதால் போகவோ வரவோ செய்யாது. நூல் விலையும் ஆர்டருமே அதைத் தீர்மானிக்கும். வரி தொடுவது இன்னும் பிறக்காத வேலைகளை. அந்த வால்வு சந்தைக்கு வந்தால் மார்த்தாண்டத்துக் கூடத்தில் 14 பேர் 30 ஆகலாம். வராவிட்டால் 14 பேரும் அப்படியே இருப்பார்கள், யாரும் வேலை இழந்ததாகக் கணக்கில் வராது. சோதனைக்கும் சான்றுக்கும் கட்டிய வரியையாவது ரீஃபண்ட் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் தொடர்ந்து எழுதி வருவது இதற்காகத்தான். ரீஃபண்டில் 90 விழுக்காட்டை முன்கூட்டியே விடுவிக்க 2025 செப்டம்பர் கூட்டம் பரிந்துரைத்தது நல்லதே. ஆனால் வேகமாக வருவது வருவதற்கு உரிய தொகை மட்டும்தானே.

உங்களுக்கு நடைமுறையில் நான் சொல்லக்கூடியவை சில. பாறசாலைப் பக்கம் விற்கப்போகிறீர்கள் என்பதால் முதல் நாளே முழுப் பதிவு எடுத்துவிடுங்கள். கூட்டுத் தொழிலாகத் தொடங்கினால் லாபத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி, கம்பெனியாகப் பதிந்தால் 22 விழுக்காடு விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கம்பெனிக்கான ஆண்டுச் செலவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரித்துக் கொடுக்க முடிகிற இடத்தில் சோதனைக்கு வேண்டிய பொருளை நீங்களே வாங்கி, சோதனைக் கட்டணத்தைத் தனி பில்லாக வையுங்கள். பொருளுக்குக் கட்டிய வரியாவது திரும்பும். ஒரே ஒரு சிறிய ஏற்றுமதி ஆர்டராவது தேடிப் பிடியுங்கள். உங்கள் மாமா மகனுக்கு வளைகுடாவில் ஆள் பழக்கம் இருந்தால் அதை இப்போதே கேட்டு வையுங்கள்.

மார்த்தாண்டத்து வால்வுக்கு உயிரியல் சோதனைச் சான்று வந்துவிட்டது. அச்சுக்குக் கட்டிய வரி இன்னும் லெட்ஜரில்தான் இருக்கிறது. இரண்டாவது அளவுக்கான அச்சை அவர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.